புதுப்பிப்பு: மணலி எடைமேடைக் கணினி மந்தம் – பயாஸ் புதுப்பித்ததில் தீர்ந்தது

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: மணலியில் லாரி எடைமேடையின் லினக்ஸ் கணினியில் ரசீது போடுவது திடீரென மந்தமானது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னல், டிஎஸ்சி என்ற கடிகாரம் நம்பத்தக்கதல்ல என்று அதை ஒதுக்கிவிட்டு ஹெச்பெட் என்ற வேறொரு கடிகாரத்துக்கு மாறியிருந்தது.

டிஎஸ்சி செயலிக்குள்ளேயே இருக்கும் எண்ணி. நிரல் கர்னலுக்குள் போகாமலே நேரத்தைப் படித்துவிடும். ஹெச்பெட் செயலிக்கு வெளியே, சிப்செட்டில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் கர்னல் வழியாகப் போய்வர வேண்டும். எங்கள் தரவுத்தளமோ ஓயாமல் நேரம் கேட்கும் ரகம்.

‘டிஎஸ்சி=ரிலையபிள்’ என்ற கர்னல் அமைப்பைப் போட்டு டிஎஸ்சியை நம்பும்படி கட்டாயப்படுத்தச் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. அது டிஎஸ்சி மீதான கர்னலின் கண்காணிப்பை நிறுத்துமே தவிர கோளாற்றைத் தீர்க்காது. ரசீதில் நேரம் பிசகினால் லாரிக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? பொதுவான ஏசிபிஐ பிஎம் டைமர் என்ற மூன்றாவது கடிகாரத்தையும் போட்டுப் பார்த்தேன். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அது ஏறக்குறைய எந்தப் பழைய தாய்ப்பலகையிலும் கிடைக்கும். நேரம் சரியாகவே இருந்தது, வேகம்தான் ஹெச்பெட்டைவிட மோசம்.

பலன் தந்தது, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கச் சொன்ன யோசனை. அதன்பின், பயன்பாட்டில் உள்ள கடிகாரத்தைக் காட்டும் ‘கரண்ட்_கிளாக்சோர்ஸ்’ கோப்பில் டிஎஸ்சி நிலைத்து நிற்கிறது. ரசீது உடனே வருகிறது.

எதிர்பாராதது ஒன்று: புதுப்பித்ததில் பழைய அமைப்புகள் அழிந்துவிட்டன. மின்வெட்டுக்குப் பின் கணினி தானாக எழவில்லை. பயாஸில் அந்த அமைப்பை மறுபடி இயக்கிவிடுங்கள்.