ஆறு வார விலக்கு முடிந்த பிறகு?

அமெரிக்காவில் பழைய முறைப்படி தனித்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் சபைகளில் சிறுவர்மீதான பாலியல் குற்றம் வெளியே வந்தால் வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் பேசப் போனால் பெரியவர்கள் காதே கொடுக்க மாட்டார்கள்.

டீக்கனும் ஒரு பிரசங்கியாரும் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். ஒப்புக்கொண்டால், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுக்காதவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சபையார் முன்னால் முழங்காலில் நின்று அறிக்கை. பெரிய பாவம் என்றால் பெரும்பாலும் ஆறு வாரம் விலக்கு, அதாவது சபையை விட்டுத் தள்ளிவைப்பு. ஆராதனை இரு வாரத்துக்கு ஒன்று, ஆக கணக்குக்கு மூன்றே ஆராதனை. பிறகு பிஷப் கைகொடுத்து எழுப்பி, பரிசுத்த முத்தமிட்டுச் சேர்த்துக்கொள்வார். அத்தோடு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

கோளாறு அங்கேதான். பிள்ளை மறுபடி வாய் திறந்தால் 'மன்னிக்காதவள்' என்ற பழி அவள்மேல் விழும். செய்தவன் அண்ணனோ தாத்தாவோ என்றால் அதே சாப்பாட்டு மேசை, அதே மாடிப்படி. பாவ அறிக்கை பாவத்துக்கு. குற்றத்துக்கு அது ரசீது ஆகாது.

"வேதத்தில் மத்தேயு 18, குற்றம் செய்தவனிடம் தனியே போய்ப் பேசச் சொல்கிறதே" என்பார்கள். 15ஆம் வசனம் சகோதரனுக்கும் சகோதரனுக்கும் உள்ளது. எட்டு வயதுப் பிள்ளையை, அதைத் தொட்டவன் எதிரே உட்கார வைக்க அதில் இடமில்லை. சிறியவருக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்கிறது 6ஆம் வசனம், அதைத் தாண்டித்தான் 15க்கு வர முடியும். ஆமிஷ் முன்னோரான அனபாப்டிஸ்டுகளின் 1527ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையான ஷ்லைட்ஹைம் அறிக்கையும், தீயவரைத் தண்டிக்க வாளை, அதாவது அரசின் அதிகாரத்தை, ஏற்படுத்தியவர் தேவன் என்றே சொல்கிறது. சபையார் அதைக் கையில் எடுக்கக் கூடாது என்பதுதான் தடை.

* * *

நடைமுறையைச் சேர்க்கிறேன். இது பென்சில்வேனியாவுக்கு, மற்ற மாநிலங்களில் சட்டம் வேறுபடும்.

18 வயதுக்குக் கீழ் என்றால் மாநிலத்தின் சிறுவர் வன்கொடுமைப் புகார் எண்ணான சைல்ட்லைன், 1-800-932-0313, இரவு பகல் எப்போதும். பொதுமக்கள் பெயர் சொல்லாமலும் அழைக்கலாம். சபை ஊழியர், பள்ளி ஊழியர் போன்றோருக்கு இது சட்டக் கடமை: உடனே புகார், வாயால் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் எழுத்துப் புகாருக்கான சிஒய்-47 படிவமும். பிஷப்பிடம் சொல்லிவிட்டேன் என்பது கணக்கில் வராது.

மூப்பர்கள் செய்யும் பெரிய தப்பு, தாங்களே விசாரணையில் இறங்குவது. நாலு பேர் நாலு தடவை கேட்டால் பிள்ளையின் வார்த்தை மாறும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். செய்தவனுக்கும் பிள்ளையின் வாயை அடைக்க நேரம் கிடைத்துவிடும். பிள்ளை தானாகச் சொன்னதை அதன் சொல்லிலேயே, ஆமிஷ் வீட்டு மொழியான பென்சில்வேனியா டச்சு (ஜெர்மன் வழக்கு) என்றால் அதிலேயே, தேதி நேரத்தோடு எழுதுங்கள். உடம்பின் பாகங்களுக்குப் பெயரே தெரியாத பிள்ளைகள் உண்டு. 'அங்கே' என்று சொன்னால் 'அங்கே' என்றே இருக்கட்டும். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும்.

* * *

போன் விஷயம் விட்டுப்போயிற்று. பல இடங்களில் வீட்டுக்குள் போன் கிடையாது. பாதையோரக் கொட்டகையில் ஒன்றை நாலைந்து குடும்பம் பகிரும். விசாரணை அதிகாரி அதில் விட்ட செய்தியை, செய்தவன் சித்தப்பா என்றால் அவனே முதலில் கேட்டுவிடலாம். புகார் கொடுக்கும்போதே ஆமிஷ் அல்லாத, நம்பிக்கையான அண்டை வீட்டாரின் எண்ணைக் கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் அதே சபையாராக இருக்கவே கூடாது.

போலீசுக்குப் போனால் சபை உடையும் என்பவர்களுக்கு: பொலிவியாவின் மனிடோபா காலனியில் வாழும் மென்னோனைட்டுகள், ஆமிஷ்காரருக்கு உறவான இன்னொரு அனபாப்டிஸ்ட் பிரிவினர், இவர்களைவிடக் கண்டிப்பானவர்கள். மாட்டு மயக்க மருந்தை ஸ்ப்ரேயாக அடித்து நடந்த பலாத்காரங்களைப் பிசாசின் வேலை என்றும் பெண்களின் கற்பனை என்றும் அங்கே முதலில் பேசினார்கள். 2009இல் காலனியாரே ஆட்களைப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். 2011இல் ஏழு பேருக்கு 25 ஆண்டு சிறை.

கடைசியாக, சபை மாற்றுக் கடிதம். ஆள் வேறு குடியிருப்புக்குப் போகும்போது 'நல்ல நிலையில் உள்ள அங்கத்தினர்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தண்டனை, நீதிமன்ற நிபந்தனை, பிள்ளைகளோடு தனியே விடக் கூடாது என்ற எச்சரிக்கை மூன்றும் அதில் வர வேண்டும். இல்லாவிட்டால் புது ஊரில் அவனை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுவார்கள்.