கோப்பிக் கொட்டை வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. குடித்தால் கச்சான் ருசி. உதவி தேவை

மஸ்கெலியா மழை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரங்களின் பழத்தைத் தொலியோடு காயவைத்து, உரலில் குத்திப் புடைத்து எடுத்த கொட்டை. இரும்புத் தாச்சி, கேஸ் அடுப்பு, ஒரு தடவைக்கு 250 கிராம். நெருப்பைக் கூட்டி வைத்தால் நாலு நிமிஷத்திலேயே வெளிப்பக்கம் கறுக்கத் தொடங்குகிறது. இறக்கிக் கத்தியால் பிளந்தால் நடுப்பாகம் வெளிறிய மண்ணிறம். நெருப்பைக் குறைத்தால் அரை மணித்தியாலம் கிண்டியும் வெடிக்கிற சத்தமே வராது. அந்தக் கோப்பி சப்பென்று இருக்கிறது. கூடிய நெருப்பில் வறுத்ததோ முதலில் புகை, அப்புறம் பச்சைப் புல், கடைசியில் பச்சைக் கச்சானை மென்ற ருசி நாக்கில் தங்கிவிடுகிறது.

கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்தால் ஒன்றும் தெரியாது என்கிறார் அம்மா. இந்த மரங்களின் கோப்பி தனியாக எப்படி இருக்கும் என்று அறிய எனக்கு ஆசை. எங்கே பிசகுகிறது?

கொத்மலைக்காரன்:
தாச்சிக்கு 250 கிராம் கூடுதல். 150 போதும், அடியில் ஒரு அடுக்காகப் பரவும் அளவுக்கு. அகப்பை ஒரு நொடியும் நிற்கக் கூடாது.

ஊவாக்காரி:
அளவு சரிதான், ஆனால் அது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தம்பி, நாலு விஷயம் சொல்லுங்கள். வறுத்த பிறகு நிறை எவ்வளவு? வறுக்காத கொட்டையைக் கடித்தால் பல் பதிகிறதா? எங்கே சேமித்து வைத்திருக்கிறீர்கள்? வறுத்ததில் நிறம் ஏறாத கொட்டைகள் கிடக்கின்றனவா?

மஸ்கெலியா மழை:
அக்கா, 250 போட்டு 195 வந்தது. பல் லேசாகப் பதிகிறது. தை மாதம் காயவைத்தது, அன்றிலிருந்து குசினி மூலையில் சாக்கில்தான் இருக்கிறது. ஆமாம், வெளிறியவை ஒவ்வொரு பிடியிலும் கொஞ்சம் இருக்கின்றன. இதோடு தொடர்பு உண்டா தெரியாது, மரங்களின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரிப் படிந்து, நிறைய இலை கொட்டிவிட்டது.

ஊவாக்காரி:
தொடர்பு உண்டு. உங்கள் கோப்பையில் இரண்டு கோளாறு சேர்ந்து விழுந்திருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று ஈரம். 250 கிராம் 195 ஆனால் 22 வீதம் போய்விட்டது. நன்றாகக் காய்ந்த கொட்டையில் ஈரம் 10 முதல் 12 வீதம்தான். நடுத்தரமாக வறுத்தால் மொத்தமாக 14, 16 வீதம் குறையும், ஆக உங்களுக்கு 210 கிராமாவது வந்திருக்க வேண்டும். எண்ணெய் கசியக் கசியக் கறுப்பாக வறுத்தால் 20ஐத் தாண்டலாம், ஆனால் உங்கள் கொட்டையின் நடு இன்னும் வேகவே இல்லை. அப்படியானால் போனதில் பெரும்பங்கு தண்ணீர். அது ஆவியாகி முடியும்வரை நடுவில் சூடு ஏறாது, அதற்குள் இரும்பைத் தொடும் பக்கம் கருகிவிடும். நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் சரிவராதது இதனால்தான். தை மாதம் நன்றாகவே காய்ந்திருக்கலாம். ஆனால் கோப்பிக் கொட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வைகாசியிலிருந்து மஸ்கெலியாவில் பெய்கிற மழையில் சாக்கு அதைத் தடுக்காது.

மற்றது அந்த வெளிறிய கொட்டைகள். காயாகப் பறித்ததும், பருப்பு நிறையாததும் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது, கச்சான் ருசி அதிலிருந்துதான் வருகிறது. இலையில் நீங்கள் பார்த்தது கோப்பி இலைத் துரு. 1869இல் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட அதே பூஞ்சணம். அடுத்த இருபது வருஷத்தில் இந்த மலைகளில் கோப்பியைச் சாய்த்துத் தேயிலைக்கு இடம் விட்டது அதுதான். நம் முன்னோர் முதலில் இங்கே வந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான் என்பதால் எனக்கு இந்த மரங்கள்மேல் தனிப் பிரியம். இலை கொட்டினால் காய்க்குச் சத்துப் போய்ச் சேராது, பருப்பு சூம்பிவிடும். மரத்தைக் கவாத்துப் பண்ணி வெளிச்சமும் காற்றும் விடுங்கள். அடுத்த பறியில் நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் எடுத்து, தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை ஒதுக்குங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வறுத்த கொட்டையைச் சுளகில் பரப்பி வெளிறியவற்றைப் பொறுக்குங்கள். அவற்றை மட்டும் தனியாக இடித்து ஒரு கோப்பையில், மற்றதை இன்னொரு கோப்பையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 கிராம் தூள், 180 மில்லிலீற்றர் கொதிநீர். நாலு நிமிஷம் விட்டு, மேலே மிதப்பதைக் கரண்டியால் உடைத்து வழித்துவிட்டு, ஆறவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். சூட்டில் நாக்குக்குப் பிடிபடாதது ஆறினால் பிடிபடும்.

மாத்தளை மிளகு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுத் தோட்டங்களில் அரபிக்கா, ரொபஸ்டா என்ற இரண்டு கோப்பி இனமும் கலந்து நிற்கும். அரபிக்காக் கொட்டை நீளவாக்கு, நடுக் கோடு வளைந்து ஓடும். ரொபஸ்டா உருண்டை, கோடு நேராக இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் வறுபடாது. பிரித்து வறுங்கள். அம்மாவின் கொத்தமல்லிக் கோப்பியையும் விட்டுவிடாதீர்கள், தடிமன், சளிக்கு அதை மிஞ்சியது இல்லை. ரொபஸ்டாவை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மஸ்கெலியா மழை:
இரண்டு கோப்பையும் வைத்துக் குடித்தேன். வெளிறிய கொட்டையின் கோப்பையில் கச்சானும் கடதாசியும் தவிர வேறு ஒன்றும் இல்லை. மற்றதில் புகையும் புல்லும் இருக்கிறது, கச்சான் இல்லை. அக்கா சொன்னது அப்படியே. இப்போது ஈரத்துக்கு என்ன செய்வது? இங்கே வெயிலே இல்லை. அடுப்புக்கு மேலே பரணில் போடலாமா?

ஊவாக்காரி:
விறகடுப்பு என்றால் வேண்டாம், புகை மணம் ஏறினால் போகாது. இந்த மாதங்களில் உங்கள் பக்கம் மழை, எங்கள் ஊவாப் பக்கம் வெயில். பண்டாரவளைப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இருந்தால் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். படங்கில் மெல்லியதாகப் பரப்பி, பல் பதியாமல் டக்கென்று உடையும்வரை காயட்டும். திரும்பி வந்ததும் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் அடையுங்கள்.

வறுக்கும்போது தாச்சியை நடுத்தரச் சூட்டில் வைத்து 150 கிராம் போடுங்கள். ஐந்தாவது நிமிஷம் அளவில் மஞ்சளாகி, வைக்கோல் மணம் பாண் மணமாக மாற வேண்டும். ஒன்பது, பத்தில் முதல் வெடிப்பு, நன்றாகக் காதில் கேட்கும். அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம், பட்பட்டென்ற மெல்லிய இரண்டாம் வெடிப்புக்கு முன் இறக்கிச் சுளகில் போட்டு விசிறுங்கள். உமியும் பறந்துவிடும்.

மஸ்கெலியா மழை:
சித்தி வீட்டில் காயவைத்துக் கொடுத்தார்கள். 150 போட்டு 127 வந்தது. வெடிப்புச் சத்தத்துக்கு அம்மாவே குசினிக்கு ஓடி வந்தார். பிளந்தால் உள்ளும் புறமும் ஒரே நிறம். புல்லும் புகையும் போய்விட்டன, கித்துள் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு வருகிறது. ஆனால் புளிப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. வறுத்த அன்றே குடித்தேன். தண்ணீர் கொதித்தபின் சற்று ஆறவிட்டு ஊற்றச் சொல்லி வீடியோக்களில் பார்த்தேன், அப்படித்தான் செய்தேன்.

கொத்மலைக்காரன்:
அந்த அறிவுரை கடலோரத்துக்காரருக்கு. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் ஏற ஒரு பாகை குறையும். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், அங்கே கொதிப்பதே 96 அளவில்தான். நுவரெலியாவில் 94. நாம் இன்னும் ஆறவிட்டால் கோப்பி முழுதாக இறங்காமல் புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், தூளைக் கொஞ்சம் நைசாக இடியுங்கள்.

ஊவாக்காரி:
அதோடு வறுத்த அன்றே குடிக்க வேண்டாம். கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைய இருக்கும், தண்ணீரைச் சேரவிடாது. இரண்டு மூன்று நாள் போத்தலில் கிடக்கட்டும். முதல் நாள் மூடியை இறுக்காமல் வையுங்கள்.