மறு: ‘லெகசி காம்போனென்ட்’ – மரபுக்கூறா, பழங்கூறா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாள் மடல்களையும் இன்று காலை ஒரே மூச்சில் படித்தேன். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் கையேட்டு மொழிபெயர்ப்பு இரண்டு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது: ‘லெகசி காம்போனென்ட்’ (இன்னமும் பயனில் இருக்கும் பழைய நிரல் கூறு), ‘ராப்பர்’ (அதற்கும் புதிய நிரலுக்கும் நடுவில் நிற்பது). முதலாவது எளிது. இரண்டாவதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

> ‘மரபுக்கூறு’ என்றே வைத்துக்கொள்வோம். ‘மரபு மென்பொருள்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

புழக்கத்தில் உள்ளது, சரி. ஆனால் மரபு என்பது தமிழில் மதிப்பான சொல். மரபுக்கவிதை எழுதுகிறவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியில் எழுதிய ரசீது அச்சிடும் கூறு ஒன்றை இன்னமும் கட்டிக்காப்பவர் அப்படிச் சொல்லிக்கொண்டு நான் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இதே கையேட்டில் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்பதற்கு ‘மரபுரிமம்’ என்று எழுதி முடித்துவிட்டோம். விஷுவல் பேசிக் 6இல் ஒரு வகுப்பு இன்னொரு வகுப்பின் நிரலை வாரிசாகப் பெறும் வசதியே கிடையாது. ஆக, ‘மரபுரிமம் இல்லாத மரபுக்கூறு’ என்று எழுத நேரும். படிக்கிற மாணவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

‘எச்சம்’ என்று பரிந்துரைத்தவருக்கு என் வணக்கம். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற 114ஆம் குறளை நினைத்தால் பொருள் அப்படியே பொருந்துகிறது: ஒருவர் போன பின்பு நிற்பது. ஆனால் குறளை நினைக்காதவர்களுக்குச் சிலையின் தலையில் காக்கை இட்டதுதான் நினைவுக்கு வரும். சில பழைய நிரல்களுக்கு அதுவும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

என் வாக்கு ‘பழங்கூறு’க்கு. பழங்கதை, பழங்கணக்கு, பழங்கஞ்சி என்று நாக்குக்குப் பழகிய புணர்ச்சி. பழங்கணக்கு என்றால் தீராமல் நிற்கும் கணக்கு என்ற தொனியும் உண்டு. இங்கே அது வேண்டியதே. இதையே நீட்டிப் ‘பழமென்பொருள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பழக்கடை வாசனை வரும். அங்கே ‘பழைய மென்பொருள்’ போதும்.

இனி இரண்டாவது சொல்.

> ராப்பர் = உறை. இதில் என்ன விவாதம்?

விவாதம் இருக்கிறது. தலையணை உறைக்கு உள்ளே இருப்பது பஞ்சா, நாரா என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த ‘ராப்பர்’ அப்படிச் சும்மா மூடிக்கொண்டு இருப்பதில்லை. பழங்கூறுகள் பேசும் மைக்ரோசாஃப்டின் காம் முறை 1993இல் வந்தது, டாட்நெட் 2002இல். இரண்டுக்கும் வீட்டு வழக்கமே வேறு. காம் கூறு ஒன்று தவறினால் 32 பிட் எண் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு நிற்கும். டாட்நெட்டோ விதிவிலக்கு (‘எக்ஸெப்ஷன்’) ஒன்றை எறியும். சரத்தை (எழுத்துத் தொடரை) எடுத்துக்கொண்டால், காம் அதன் நீளத்தை முன்னால் நான்கு பைட்டில் எழுதிவைத்து நினைவகத்தில் தனியே ஒதுக்குகிறது. டாட்நெட் சரம், பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை சேகரிப்பான் ஆளும் இடத்தில் வாழ்கிறது. இவற்றை ஒவ்வொரு அழைப்பிலும் மாற்றிக் கொடுப்பவர் இந்த ‘ராப்பர்’தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கணக்கு வைப்பது. ஒவ்வொரு காம் பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சுழியைத் தொட்ட கணமே தன்னை அழித்துக்கொள்ளும். டாட்நெட்டில் யாரும் எண்ணுவதில்லை. சேகரிப்பான் தனக்குத் தோன்றும்போது வந்து பெருக்கிவிட்டுப் போகும். நடுவில் நிற்பவர் டாட்நெட் பக்கத்தின் சார்பில் காம் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சேகரிப்பான் அவரை எடுக்கும் வரை பிடியை விடமாட்டார்.

இதை நான் கற்றது ஒரு அலுவலகத்தில், பட்டு. எக்ஸெல் வழியாக அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்றை டாட்நெட்டுக்கு மாற்றினோம். முதல் நாள் அருமையாக ஓடியது. மறுநாள் மதியம் சர்வர் தவழத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எக்ஸெல், அதன் கீழே எக்ஸெல், அதன் கீழேயும் எக்ஸெல். திரையில் ஒரு சாளரம்கூட இல்லை, பட்டியலில் மட்டும் வரிசையாக நின்றன. நாங்கள் ஒவ்வொரு அறிக்கைக்கும் ‘குவிட்’ கொடுத்திருந்தோம். ஆனால் நடுவில் நின்ற ‘ராப்பர்’கள் ஒவ்வொரு தாளையும் கட்டத்தையும் கையில் பிடித்தபடி நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராக விடுவிக்கும் வரி எழுதிய பிறகுதான் எக்ஸெல் வீட்டுக்குப் போனது. ‘உறையை விடுவி’ என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உறையைக் கழற்றலாம், கிழிக்கலாம். விடுவிப்பது ஆளைத்தான்.

இந்த ஆளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: துபாஷி, அதாவது இரு மொழி தெரிந்த இடையாள். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். வணிகம், கொடுக்கல் வாங்கல், இரு தரப்பு வழக்கமும் தெரிந்து பேசுவது எல்லாம் அவர் தலையில். ஊர் வணிகர் ஆளுநரிடம் நேரே போகவில்லை, இவரிடம் வந்தார். டாட்நெட் நிரலும் காம் பொருளை நேரே தொடுவதில்லை. ஒரு காம் பொருளை எத்தனை இடங்களில் பயன்படுத்தினாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள் அதற்கு ஒரே துபாஷி என்பது கூடுதல் பொருத்தம்.

எதிர்ப்பு எப்படி வரும் என்றும் தெரியும். வேர் வடமொழி, சொல் வழக்கொழிந்தது, அஃறிணைக்கு ஆள் பெயரா என்பீர்கள். மூன்றாவதற்கு மட்டும் பதில்: உலாவியும் செயலியும் ஓடுகிற இடத்தில் துபாஷியும் இகர ஈறுதான், ‘துபாஷி வந்தது’ என்று அஃறிணை முடிவு கொடுத்தால் தீர்ந்தது. முதல் இரண்டையும் விட முடியாதவர்களுக்காக ‘இருமொழியி’ என்ற மாற்றையும் வைக்கிறேன். ‘இணக்கி’யும் மோசமில்லை, வினையெச்சம் போல ஒலிக்கிறது என்ற குறை ‘இயக்கி’க்கும் உண்டு, அதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

சொல்லைத் தனியே வைத்துப் பார்க்காமல் தொடரில் ஓட்டிப் பாருங்கள்:

“பழங்கூறு தந்த பிழை எண்ணைத் துபாஷி விதிவிலக்காக மாற்றுகிறது.”

“வேலை முடிந்ததும் துபாஷியை விடுவிக்கவும், இல்லையெனில் பழங்கூறு நினைவகத்தில் தங்கிவிடும்.”

“பழங்கூறு 32 பிட், உங்கள் நிரல் 64 பிட் என்றால் துபாஷி உருவாகும் முன்பே ‘வகுப்பு பதிவாகவில்லை’ என்ற பிழை வரும்.”

மூன்றாவது தொடரில் உள்ள பிழையின் எண் 80040154. பதிவு செய்துதான் இருக்கிறேனே என்று அதோடு அரை நாள் மல்லுக்கட்டியவர்கள் இந்தக் குழுமத்திலேயே இருப்பீர்கள். எதிர்த்திசையில், அதாவது பழைய நிரல் புதிய டாட்நெட் வகுப்பை அழைக்கும்போது நிற்பவருக்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘காம் பக்கத் துபாஷி’ என்று எழுதினால் போதும்.

தரவை இரு பக்கத்துக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ‘மார்ஷலிங்’குக்குக் ‘கைமாற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன்; கொடுத்தது திரும்பி வர வேண்டும். போய்த் திரும்பி வரும் அளபுருக்களுக்கு (அழைப்போடு அனுப்பும் மதிப்புகளுக்கு) அது அழகாகப் பொருந்துகிறது. போனது போனதுதான் என்று இருக்கும் அளபுருக்களை என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும்.