சாங்கி 02 எல்: விமானம் நேராக வருகிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது

பொங்கோல்வாசி:
மூன்று நாளாக மண்டை காய்கிறது, யாராவது கை கொடுங்கள். வீட்டுக் கணினியில் 737-800 ஓட்டுகிறேன், சிமுலேட்டரோடு வருவது இல்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஆட்-ஆன். ஓட்டுவது எப்போதும் திருச்சி–சிங்கப்பூர் சாங்கிதான், வருஷத்துக்கு ஒரு முறை நிஜமாகவே போய் வருகிற பாதை என்பதால் ஒரு ஆசை. எல்-நேவ் (வழியைப் பார்ப்பது), வி-நேவ் (உயரத்தைப் பார்ப்பது) போட்டுவிட்டால் வழியெல்லாம் சமர்த்தாகப் போகிறது. சாங்கி கிட்டே வந்ததும்தான் வம்பு. 02 எல் ஓடுபாதையின் ஐஎல்எஸ் (இறங்க வழிகாட்டும் ரேடியோ) அலைவரிசை போட்டாயிற்று, கோர்ஸ், அதாவது ஓடுபாதையின் திசை, 023 வைத்தாயிற்று, விமானமும் நூல் பிடித்த மாதிரி ஓடுபாதைக்கு நேராகத் திரும்புகிறது. ஆனால் 4,000 அடியிலேயே மிதந்து, முனையக் கட்டடங்களுக்கு மேலே பறந்து, மலேசியாவின் ஜொகூர் பக்கம் போய்விடுகிறது. சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்ற அம்மா, "என்னடா, இன்னும் இறங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆட்-ஆனை இரண்டு முறை அழித்து மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். நேவிகேஷன் டேட்டா பழசு என்பதாலா? சந்தா கட்டினால் சரியாகுமா?

கோப்பிஓ:
ஜாய்ஸ்டிக்காக இருக்கும். எனக்கும் இப்படித்தான், கையை எடுத்தாலும் அச்சு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, ஆட்டோபைலட் குழம்பிப்போனது. டெட் சோன் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத அளவு) 5 சதவீதம் வைத்துப் பார்.

பொங்கோல்வாசி:
வைத்துப் பார்த்தேன், ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டும் பார்த்தேன். மாற்றமில்லை.

பழைய பெடல்:
தம்பி, சந்தா கட்டும் முன் கொஞ்சம் பொறு. ஏர்ராக் டேட்டா, அதாவது நீ சொல்கிற நேவிகேஷன் டேட்டா, 28 நாளுக்கு ஒரு முறை மாறும், உண்மைதான், ஆனால் உன் பிரச்சினை அது இல்லை. ஓடுபாதைக்கு நேராகத் திரும்புகிறது என்கிறாயே, அதாவது லோக்கலைசர் என்கிற நேர்க்கோட்டு சிக்னலைப் பிடித்துவிட்டது, அப்படியானால் அலைவரிசை சரி. கிளைடு ஸ்லோப் என்கிற இறங்கு சரிவு சிக்னலுக்கென்று தனியாக எதுவும் போட வேண்டியதில்லை, லோக்கலைசர் அலைவரிசையோடு அது ஜோடி, ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வரும். ஜாய்ஸ்டிக்கும் இல்லை. 737-இல் ஆட்டோபைலட் ஓடும்போது ஸ்டிக்கைத் தள்ளினால் திரையில் சிடபிள்யூஎஸ் (கை அசைவுக்குப் பணியும் முறை) என்று மாறும், நீ அப்படி எதுவும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். ஓடுபாதைக்கு நேராக வந்த பிறகு உன் முன்னால் இருக்கிற திரையின் உச்சியில், எஃப்எம்ஏ என்கிற அந்தப் பட்டையில், பச்சையில் என்ன எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே வெள்ளையில் என்ன இருக்கிறது? பட்டனில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லாதே, பட்டையைப் பார்த்துச் சொல்.

பொங்கோல்வாசி:
இன்று மறுபடி ஓட்டினேன் அண்ணே. பச்சையில் எம்சிபி ஸ்பீட், விஓஆர்/லோக், ஆல்ட் ஹோல்ட். கீழே வெள்ளையில் ஒன்றும் இல்லை, காலி.

பழைய பெடல்:
அதுதான் கதை. நீ அழுத்துவது விஓஆர் லோக் பட்டன். அது ஓடுபாதைக்கு நேராக மட்டும் கொண்டுவரும், உயரத்தைத் தொடாது. ஆல்ட் ஹோல்ட் என்றால் 4,000-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அப்ரோச் பட்டனை அழுத்து, அப்போது கீழே வெள்ளையில் ஜி/எஸ் என்று வரும், அதாவது கிளைடு ஸ்லோப்புக்காகக் காத்திருக்கிறது. பிடித்ததும் பச்சையாகும்.

பொங்கோல்வாசி:
ரொம்ப நன்றி, பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். அப்ரோச் அழுத்தினேன், வெள்ளையில் ஜி/எஸ் வந்தது, ஆனால் கடைசி வரை வெள்ளையாகவே இருந்துவிட்டது. ஓரத்தில் இருக்கிற அந்த வைரப்புள்ளி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஜொகூர்.

பழைய பெடல்:
புள்ளி அடியில் இருந்தால் சரிவு உனக்குக் கீழே இருக்கிறது, நீ அதற்கு மேலே இருக்கிறாய். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியபோது எத்தனை மைல்?

பொங்கோல்வாசி:
7 மைல் இருக்கும்.

பழைய பெடல்:
3 டிகிரி சரிவு என்றால் மைலுக்கு 300 அடிக்குச் சற்று மேல். 7 மைலில் நீ இருக்க வேண்டியது 2,200 அடிப் பக்கம், இருப்பதோ 4,000. அந்த உயரத்தில் சரிவைப் பிடிக்க வேண்டுமென்றால் 13 மைலுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். ஐஎல்எஸ்ஸைக் கீழே இருந்து பிடிப்பதுதான் வழக்கம்: நீ மட்டமாகப் பறந்து வர வர, புள்ளி மேலிருந்து உன்னிடம் இறங்கி வரும். 2,500 அடியில் 10, 12 மைலிலேயே தயாராக இரு. மேற்கிலிருந்து வருகிறாய் என்றால் திசை 053 வைத்து 30 டிகிரி கோணத்தில் சேர். பாத்தாம் தீவுக்கு முன்னால், கடலுக்கு மேலேதான் திரும்புவாய், இடித்துக்கொள்ள மலை எதுவும் இல்லை.

ஆனால் எனக்கு வேறு சந்தேகம். அவ்வளவு உயரத்தில் ஏன் வந்தாய்? இறக்கத்தை எப்போது ஆரம்பித்தாய்?

பொங்கோல்வாசி:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலு மணி நேரம் யார் உட்கார்ந்திருப்பது என்று 4 மடங்கு வேகத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். வந்து பார்த்தால் சாங்கியை நெருங்கி, மலேசியாவின் பத்து பஹாட் பக்கம் இன்னும் 37,000 அடியில் போய்க்கொண்டிருக்கும். வி-நேவ் தானே இறக்கிவிடும் என்று நினைத்தேன், இறக்கவில்லை. அப்புறம் ஸ்பீட் பிரேக்கை இழுத்து, நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் தள்ளி, அவசரமாக இறக்குவேன்.

கோப்பிஓ:
ஹாஹா, உள்ளே பயணிகள் இருந்திருந்தால் காது போயிருக்கும்.

பழைய பெடல்:
வி-நேவ் இறங்கத் தயாராகத்தான் இருந்தது, நீதான் அனுமதி கொடுக்கவில்லை. மேலே எம்சிபி என்கிற ஆட்டோபைலட் பலகையின் உயர ஜன்னலில் 37000 என்றே விட்டிருப்பாய். அந்த எண்ணைத் தாண்டி வி-நேவ் ஏறாது, இறங்காது. இறக்கப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் எஃப்எம்சி என்கிற வழிக் கணினியின் அடி வரியில் "ரீசெட் எம்சிபி ஆல்ட்" என்று செய்தி வந்திருக்கும், நீ அப்போது சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்திருப்பாய். நிஜ விமானிக்கும் இதே கதைதான், கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்ன பிறகு அவர் அந்த எண்ணைக் குறைத்தால்தான் விமானம் குனியும்.

ஆயிரம் அடிக்கு 3 மைல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள். 37 பெருக்கல் 3, 111, வேகம் குறைக்க ஒரு பத்து சேர்த்தால் 120 மைல். கிட்டத்தட்ட மலாக்கா. அதற்குள் சிமுலேட்டர் வேகத்தை 4 மடங்கிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடு, ஜன்னலில் 2500 திருப்பிவிடு. 13,000 அடிக்குக் கீழே வந்ததும் ஆல்டிமீட்டரைப் பொதுவான 1013-லிருந்து சாங்கியின் கியூஎன்எச்சுக்கு, அதாவது அங்கே அன்றைக்கு உள்ள காற்றழுத்தத்துக்கு, மாற்று, மறந்தால் 100, 150 அடி ஏமாற்றும். சோதனை பண்ணுவதற்காக ஒவ்வொரு முறையும் திருச்சியிலிருந்து கிளம்பாதே, மலாக்காவுக்கு முன்னால் ஒரு முறை சேமித்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பத் திரும்ப ஓட்டு.

பொங்கோல்வாசி:
அண்ணே!! இறங்கிவிட்டது. 11 மைலில் 2,500 அடி, வைரப்புள்ளி மேலிருந்து மெல்ல இறங்கி வந்து நடுவுக்குக் கொஞ்சம் முன்பே ஜி/எஸ் பச்சையாக மாறியது, மூக்கு தானாகக் குனிந்தது. கீழே நங்கூரம் போட்ட கப்பல்கள், இடது பக்கம் ஈஸ்ட் கோஸ்ட் விளக்குகள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் தரை வந்தும் மூக்கைத் தூக்கவில்லை, அப்படியே போய் மோதுகிற மாதிரி டொம்மென்று உட்கார்ந்தது. தானாக இறங்காதா?

பழைய பெடல்:
சிஎம்டி ஏ, அதாவது முதல் ஆட்டோபைலட், மட்டும் போட்டிருப்பாய், பட்டையில் சிங்கிள் சிஎச் என்று வந்திருக்குமே? ஒரு ஆட்டோபைலட் இருந்தால் தரை வரை கூட்டிவரும், மூக்கைத் தூக்காது, ஓடுபாதை தெரிந்ததும் நீ அதை அணைத்துவிட்டுக் கையால் இறக்க வேண்டும். தானாக இறங்க வேண்டுமென்றால் இரண்டு நேவ் ரேடியோவிலும் அதே அலைவரிசை, இரண்டு பக்கமும் கோர்ஸ் 023, அப்ரோச் அழுத்திய பிறகு இரண்டாவது ஆட்டோபைலட்டான சிஎம்டி பி-யும் அழுத்து. 1,500 அடிக்குக் கீழே வெள்ளையில் ஃபிளேர் (மூக்கைத் தூக்கத் தயார்) என்று வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். வராவிட்டால் கட்டாதே.

பொங்கோல்வாசி:
சிங்கிள் சிஎச் வந்தது, என்னவோ என்று விட்டுவிட்டேன். பி-யை நாளை இரவு பார்க்கிறேன், இப்போது மணி ஒன்றரை, காலையில் ஷிஃப்ட் இருக்கிறது. அம்மாவை எழுப்பி இறங்கியாயிற்று என்று சொன்னேன், திட்டு விழுந்தது.