ஊர் ஊராக இறங்கி ஏறி ரயிலில் பிரான்ஸ்: போய்வந்தவர்கள் சொல்வது

திஜோன் வழிப்போக்கன்

பிரான்ஸுக்கு வருகிறவர்களில் பலர் ஊர்ப் பட்டியலோடுதான் வருகிறார்கள். கொல்மார், அவிஞ்ஞோன், போர்தோ, மோன் சேன் மிஷேல் என்று ஆசைப்பட்டதையெல்லாம் எழுதிவிட்டு, இங்கிருந்து அங்கே வண்டி உண்டா என்று அப்புறம் தேடுகிறார்கள். நான் முதலில் தண்டவாளத்தைப் பார்ப்பேன். ஊர்களை அதற்கேற்ற மாதிரி எடுத்துக்கொள்வேன்.

இந்த நாட்டு ரயில் வரைபடம் பாரிஸை நடுவில் வைத்துப் போட்டது. 1842இல் வந்த சட்டம் வகுத்த நட்சத்திர வடிவம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பாரிஸிலிருந்து எந்த மூலைக்கும் போகலாம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதுதான் பாடு. லியோனும் போர்தோவும் சின்ன ஊர்களா என்ன? இரண்டுக்கும் நடுவே நேர் வண்டி கிடையாது. பாரிஸ் வழியாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் மோன்பெலியே, துலூஸ் என்று தெற்கே வளைத்துப் போக வேண்டும்.

அதனால் நான் போட்ட வழி இது: திஜோன், ஒயின் ஊரான போன், லியோன், அவிஞ்ஞோன், நீம், பெர்ப்பிஞ்ஞான், அங்கிருந்து பிரனே மலைமேல் லத்தூர்-த-கரோல், கடைசியில் துலூஸ். கிட்டத்தட்ட முழுக்க டி.இ.ஆர். எனப்படும் பிராந்திய வண்டிகள்தான். டி.ஜி.வி. எனப்படும் அதிவேக வண்டியின் டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி நாளாக ஆக விலை ஏறும், இருக்கையும் முன்பதிவு செய்தாக வேண்டும். டி.இ.ஆரில் கட்டணம் பெரும்பாலும் நிலையானது, எந்த இருக்கையிலும் உட்காரலாம். போன் ஊர் பிடித்துப்போனால் அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்ளலாம் என்ற நிம்மதி அதில்தான் கிடைக்கும். ஆனால் டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் வாங்கினால் கூடுதலாகக் கறப்பார்கள்.

நிலையத்தின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். லியோனிலிருந்து டி.இ.ஆரில் வந்தால் அவிஞ்ஞோன் சாந்த்ரில் இறங்குவீர்கள். வாசலைத் தாண்டினால் எதிரே கோட்டை மதில். டி.ஜி.வி.யில் வந்தால் ஊருக்கு வெளியே வேறு நிலையம். நல்லவேளையாக இரண்டையும் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்ன வண்டி இணைக்கிறது. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அந்தச் சலுகையும் இல்லை, டி.ஜி.வி. நிலையத்திலிருந்து பேருந்துதான். நீமுக்கும் மோன்பெலியேவுக்கும்கூட இப்போது ஊருக்கு வெளியே புது நிலையங்கள் வந்துவிட்டன.

இனி மஞ்சள் வண்டி. பெர்ப்பிஞ்ஞானிலிருந்து வில்பிரான்ஷ் வரை சாதாரண வண்டி. அங்கே மாறி ஏறினால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு குட்டி ரயில், 63 கிலோமீட்டர் மலைப் பாதையில் ஓடுகிறது. மீட்டர் கேஜ். 1910இல் ஓடத் தொடங்கியது. மேலே மின்கம்பி கிடையாது, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில்தான் மின்சாரம். படம் எடுக்க யாராவது பாதையில் கால் வைத்தால் கண்டக்டர் கத்துகிற கத்தலில் மலையே திரும்பிப் பார்க்கும்.

எனக்கு எதிர் இருக்கையில் ஒரு பாட்டி, காலடியில் நாய். வண்டி கிளம்பியதும் கண்டக்டரிடம் ஏதோ ஓர் ஊர்ப் பெயர் சொன்னார். அந்தப் பாதையில் பல நிறுத்தங்களில் கேட்டால்தான் வண்டி நிற்கும். அரைமணி கழித்து வண்டி நின்றது. நடைமேடை என்று சொல்ல ஒரு பெட்டி நீளம்கூட இல்லை. பாட்டி முதலில் நாயை இறக்கினார், அப்புறம் காய்கறிப் பையை, கடைசியில் தானும் இறங்கி, ஓட்டுநரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நாங்கள் சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்த வண்டி அவருக்குச் சந்தைக்குப் போய்வரும் வண்டி.

போகிற வழியில் போல்கேர்-ஏன் நிலையம், 1,593 மீட்டர் உயரம். தேசிய ரயில் வலையமைப்பில் அதைவிட உயரமான நிலையம் கிடையாது. முடிவில் லத்தூர்-த-கரோலில் மூன்று அகலத் தண்டவாளங்கள் சந்திக்கின்றன: மஞ்சள் வண்டியின் மீட்டர் கேஜ், துலூஸ் போகும் சாதாரண அகலம், பார்சலோனா போகும் ஸ்பெயின் அகலம். மூன்று வண்டிகளும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

தூர் நகர அக்கா

வழிப்போக்கன் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தினம் ஒரு ஊரில் படுக்கை என்பது இருபது வயதுக்காரர்களுக்குச் சரி. அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள் ஓர் ஊரில் தங்கி, பகலில் போய்விட்டு ராத்திரி திரும்புங்கள். சின்ன நிலையங்களில் பெட்டியை வைத்துவிட்டுப் போக இடமே கிடையாது. பெரிய ஊர்களிலேயே சிலவற்றில்தான் உண்டு. பெட்டியை இழுத்துக்கொண்டு அரண்மனை பார்க்க முடியுமா?

அரண்மனைகள் நிறைந்த லுவார் பள்ளத்தாக்குக்கு எங்கள் தூர் வசதி. அம்புவாஸ், புளுவா இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன. பாரிஸிலிருந்து டி.ஜி.வி.யில் வந்தால் பல வண்டிகள் தூருக்குள் வராமல் பக்கத்து சேன்-பியேர்-தெ-கோரில் இறக்கிவிடும். பதறாதீர்கள், அங்கிருந்து ஐந்து நிமிடம்தான்.

ஷெனொன்சோ அரண்மனைக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ரயில் நிலையம் அரண்மனை வாசலை ஒட்டியே இருக்கிறது, இப்படி ஒரு வசதி வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஆனால் வண்டிகள் நாளுக்குச் சிலதான். நான் அத்தை குடும்பத்தோடு நுழைவுச்சீட்டு வாங்க நின்றேன். கவுண்டரில் இருந்த பெண்மணி எத்தனை பேர் என்று கேட்கும் முன்னே, "ரயிலிலா, காரிலா?" என்று கேட்டார். ரயில் என்றதும் மேசைமேல் இருந்த துண்டுக் காகிதத்தில் திரும்பும் நேரத்தை எழுதி நீட்டினார். "இதைத் தவறவிட்ட ஆட்களைச் சாயங்காலம் இந்தப் பெஞ்சில்தான் பார்க்கிறேன்" என்றார். எங்கள் அத்தை ஆற்றின் மேல் கட்டிய அந்த நீள மண்டபத்தை விட்டு வருவேனா என்கிறார். காகிதத்தைக் காட்டிக் காட்டித்தான் இழுத்து வந்தேன். நடைமேடையில் நாங்கள் ஏறும்போது வாசலில் நான்கு பேர் ஓடிவருவது தெரிந்தது. கதவு மூடிவிட்டது.

லா சப்பல்காரன்

அக்கா, பெஞ்சில் இருந்த ஆட்களைப் பற்றிச் சொன்னீங்கள். நான் பாரிஸில் பார்த்ததைச் சொல்லவேணும். கனடாவில் இருந்து வந்த ஒரு தம்பதி, எங்கட கடைக்குச் சாப்பிட வந்தவை. லியோன் நகரத்தைப் பார்க்க என்று "கார் த லியோன்" (கார் என்றால் பிரெஞ்சில் ரயில் நிலையம்) பக்கத்தில் ஹோட்டல் பதிந்திருந்தார்கள். அது பாரிஸுக்குள்ளே இருக்கிற நிலையம் என்று கேட்டதும் அந்த ஐயா கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மனைவி சிரிக்கவில்லை. லியோனில் இறங்குகிற நிலையங்களுக்குப் பெயர் பார்-தியூ, பெராஷ்.

பாரிஸில் நிலையம் மாறுவதையும் ஒரு பயணம் மாதிரியே எண்ணுங்கோ. கார் து நோரில் இருந்து மோன்பர்னாஸுக்கு மெட்ரோ 4ஆம் பாதை, மாறத் தேவையில்லை. கார் த லியோனில் இருந்து ஒஸ்தெர்லிட்ஸுக்குப் பாலத்தால் நடந்தே போகலாம். கிளெர்மோன்-பெரான் போகிற வண்டி கார் த லியோனில் நிற்காது, பக்கத்தில் இருக்கிற பெர்சியில்தான். பெட்டியோடு அந்தத் தூரம் நடக்கவேணும்.

வேலைநிறுத்தம் என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலைநிறுத்தத்தில் இறங்குகிற ஊழியர் 48 மணிநேரத்துக்கு முன்னமே அறிவிக்கவேணும். அதனால் எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பது முதல் நாள் பின்னேரம் ஐந்து மணிபோல் வந்துவிடும். அந்த நேரத்தில் ஒருக்கால் கைத்தொலைபேசியைப் பாருங்கோ.

காரைக்கால் ஐயா

தம்பி பெர்சி நிலையத்தைச் சொன்னதால் மிச்சத்தை நான் சொல்கிறேன். கிளெர்மோன்-பெரானிலிருந்து நீம் வரை போகும் பாதை 1870இல் முழுமையானது. நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். லான்ழாக் தாண்டியதும் அலியே ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. பல இடங்களில் பக்கத்தில் சாலையே இல்லை, ஆறும் ரயிலும் மட்டும்தான். சுரங்கத்துக்குள் போய் வெளியே வருவதற்குள் ஆறு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருக்கும். வண்டி மெதுவாகத்தான் போகும், முழுப் பாதைக்கும் ஐந்து மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் டி.ஜி.வி.யில் போகட்டும்.

ஆனால் கால அட்டவணையில் ரயில் மாதிரியே போட்டிருக்கும் சில சேவைகள் உண்மையில் பேருந்து. பக்கத்தில் சின்னதாக ஒரு பேருந்துப் படம் மட்டும் இருக்கும். மலைப் பாதைகளில் இது சகஜம். ஒருமுறை பாதி வழியில் வண்டி மாற இறங்கினோம். பத்துப் பதினைந்து பேர் நடைமேடையிலேயே தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றோம். முதுகில் பை மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் எங்களைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள். "இங்கே ஒன்றும் வராது, வாசலுக்கு வாருங்கள்" என்றாள். வெளியே மரத்தடியில் பேருந்து இயந்திரம் ஓடியபடி நிற்கிறது. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தப் பெண் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டாள். நாங்கள் எல்லாரும் ஏறும்வரை காலை எடுக்கவில்லை. அவள் இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஊரில்தான் ராத்தங்கல்.

சாப்பாட்டு விஷயம்: பகல் இரண்டு மணிக்கு மேல் சின்ன ஊர்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிறும் திங்களும் கடைகள் பல மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளும் குறைவு. மே மாதம் விடுமுறை நாட்கள் வரிசையாக வரும், அப்போதும் இதே கதைதான்.

ஸ்த்ராஸ்பூர் தாய்

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் நல்ல தொடக்கம். ஸ்த்ராஸ்பூரிலிருந்து கொல்மாருக்கு அரைமணி, வண்டிகளும் அடிக்கடி. இந்தப் பாதையில் பிராந்திய வண்டியே 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "எதிர் வண்டி ஏன் இந்தப் பக்கம் வருது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர், ஓய்வுபெற்ற ரயில் ஊழியராம், தாளை மடித்துவிட்டு விளக்கினார். பிரான்ஸில் ரயில் இடப்பக்கம் ஓடும். அல்சாஸிலும் மெஸ் நகரத்துப் பக்கத்திலும் மட்டும் வலப்பக்கம். 1871 முதல் 1918 வரை இந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது, அவர்கள் போட்ட முறை அப்படியே தங்கிவிட்டது. அந்தப் பழைய எல்லையில் ஒரு தண்டவாளம் பாலம் ஏறி மற்றதைத் தாண்டிப் பக்கம் மாறுகிறது என்று இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் கொல்மார் வீடுகளை அவன் எங்கே பார்த்தான்?

திஜோன் வழிப்போக்கன்

அக்கா, ஒப்புக்கொள்கிறேன், பெரியவர்களோடு போனால் ஒரே ஊரில் தங்குவதுதான் சரி. ஐயா, அந்தப் பேருந்துப் படத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் வர வேண்டும்.

பாஸ் வாங்கலாமா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். டி.இ.ஆரிலேயே சுற்றுவதென்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான யூரெயில் பாஸில் முன்பதிவு இல்லாமல் பெரும்பாலும் ஏறிவிடலாம். டி.ஜி.வி.க்கு பாஸ் இருந்தாலும் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு, அந்த இருக்கைகளும் குறைவு. குறுகிய தூரங்களாகப் போனால் தனித்தனி டிக்கெட் மலிவாக வரவும் வாய்ப்பு உண்டு, கூட்டிப் பாருங்கள்.

டி.ஜி.வி.யில் பெட்டிமேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது கட்டாயம். கதவு புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடும். இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஓட்டி வழியில் பிரித்து அனுப்புவதும் உண்டு, ஆகவே டிக்கெட்டில் போட்டிருக்கும் பெட்டி எண்ணில்தான் ஏற வேண்டும்.

அடுத்த வசந்தத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இப்போது பார்க்கும் நேரங்களை நம்பி ஹோட்டல் பதியாதீர்கள். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்கக் கால அட்டவணை மாறும். ஷெனொன்சோ, லத்தூர் மாதிரி நாளுக்குச் சில வண்டிகளே உள்ள இடங்களை அதற்குப் பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.