பிங்க் ஃபிளாய்ட் ஆல்பங்கள்: கடைசியிலிருந்து முதலிடம் வரை உங்கள் வரிசை என்ன?

1967 முதல் 2014 வரை பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் 15. பாஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸா, கிட்டார் வாசித்த டேவிட் கில்மரா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். என் வரிசையைத் தீர்மானிப்பது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட். அவரை ஒதுக்கிவைத்த ஆல்பங்களில் எனக்கு ஈரமே தெரிவதில்லை.

கடைசி இடம் 'உம்மகம்மா' (1969). இரட்டை ஆல்பம். மேடைப் பதிவு இருக்கும் முதல் தட்டு பிரமாதம், அதை இங்கே சேர்க்கவில்லை. இரண்டாவதில் நால்வரும் ஆளுக்கு அரைப் பக்கம் பிரித்துக்கொண்டு தனித்தனியாக விளையாடியிருக்கிறார்கள். ரைட்டின் பங்கும் சகிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்டர்ஸ் குட்டி மிருகங்கள் போலக் கீச்சிடும் இடம் ஓடியபோது அடுத்த அறையிலிருந்து தங்கை ஓடிவந்து, "அண்ணா, ஸ்பீக்கர் போச்சா?" என்று கேட்டாள்.

14, ரைட் இல்லவே இல்லாத 'தி ஃபைனல் கட்' (1983). 13, 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' (1987). இதில் அவர் பாதியில் வந்து சேர்ந்தார், அதுவும் முழு உறுப்பினராக இல்லை. 2019-இல் அவருடைய கீபோர்டைக் கூட்டி, நிக் மேசனின் டிரம்ஸைப் புதிதாகப் பதிவு செய்து ஒரு மிக்ஸ் வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அப்புறம் 12-இலிருந்து 8 வரை 'தி எண்ட்லெஸ் ரிவர்', 'மோர்', 'எ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', அட்டையில் பசுமாடு நிற்கும் 'ஆட்டம் ஹார்ட் மதர்', 'அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்'. இந்த ஐந்தையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

7, 'தி வால்' (1979). இங்கே திட்டு விழும், தெரியும். பாதிப் பாடல்கள் கதையை நகர்த்த மட்டுமே இருக்கின்றன. இந்த ஆல்பம் உருவாகும்போதுதான் ரைட்டை வெளியே அனுப்பினார்கள். பிறகு கச்சேரிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கச்சேரிகள் நஷ்டமாகி மற்ற மூவரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள், சம்பளக்காரர் மட்டும் லாபத்தோடு வீடு போனார்!

6, குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட்டின் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' (1967). அடுத்த வருடமே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். 5, 'தி டிவிஷன் பெல்' (1994). 4, 'அனிமல்ஸ்' (1977). 3, 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973). அதில் வரும் 'அஸ் அண்ட் தெம்' மெட்டை ரைட் முதலில் ஒரு படத்துக்காகப் போட்டார், இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். நல்லவேளை.

2, 'மெடில்' (1971). 'எக்கோஸ்' தொடங்கும்போது சொட்டுகிற அந்த ஒற்றை ஒலி, லெஸ்லி என்கிற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வந்த ரைட்டின் பியானோ. அதன்பின் 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் நான் ஒருதடவைகூட மணி பார்த்ததில்லை.

முதலிடம் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975). பாரெட்டை நினைத்துச் செய்த ஆல்பம். பதிவு நடந்துகொண்டிருந்தபோது அவரே ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடம்பு பருத்துப் போயிருந்தவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பகுதி ரைட் மட்டும் எழுதியது. அது தேய்ந்து மறையும்போது பாரெட்டின் பழைய பாட்டு ஒன்றின் மெட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறார். பல வருடம் கேட்டும் என் காதில் அது விழவில்லை. ஒருநாள் ஹெட்போனில் விழுந்தது. அன்றே வரிசை முடிவாகிவிட்டது.

* * *

உங்கள் அளவுகோலை நீங்களே மதிக்கவில்லையே! 'எண்ட்லெஸ் ரிவர்' 1993-இல் வாசித்து மிஞ்சியவற்றை வைத்து, ரைட் இறந்த பிறகு அவர் நினைவாகக் கட்டியது. ரைட்தான் முக்கியம் என்றால் அது ஏன் 12? 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் அவர் பெயரில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அது மட்டும் எப்படி 4?

எனக்கு 'அனிமல்ஸ்'தான் முதலிடம். வேலையிடத்தில் பதவி உயர்வுக்காகக் கூட இருந்தவரையே போட்டுக்கொடுத்த ஒருவரைப் பார்த்துவிட்டு, அன்று இரவு அதில் வரும் 'டாக்ஸ்' பாட்டைக் கேட்டேன். 17 நிமிடமும் அந்த ஆளைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

* * *

'ஃபைனல் கட்'டை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். பின்னட்டையிலேயே 'ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃபிளாய்ட் வாசித்தது' என்கிற மாதிரிதான் போட்டிருக்கும், அதனால் அதைக் குழுவின் ஆல்பமாக எடைபோட்டால் தோற்கத்தான் செய்யும். அவருடைய அப்பா 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போரில் இறந்தவர். ஆல்பம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

என் அப்பா இறந்த வருடம்தான் இதை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன். 'தி கன்னர்ஸ் டிரீம்' பாட்டில் வாட்டர்ஸின் அலறல் அப்படியே சாக்ஸஃபோனாக மாறும் இடத்தைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதி. நல்ல ஆல்பமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் 14 இல்லை.

* * *

என் வரிசையில் 'அனிமல்ஸ்' ஏன் 4 என்ற கேள்விக்குப் பதில்: அதில் 'ஷீப்' பாட்டின் தொடக்கத்தில் வரும் எலக்ட்ரிக் பியானோவைக் கேளுங்கள். ரைட் வாசித்தது. பாட்டை எழுதியவர் என்று மட்டும் அவர் பெயரைப் போடவில்லை. 'எண்ட்லெஸ் ரிவர்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆளிருந்தும் அதில் பாட்டென்று பெரிதாக எதுவுமில்லை, அதனால் 12-ஐ மாற்றுவதாக இல்லை.

'ஃபைனல் கட்' இன்னொரு தடவை கேட்கிறேன். 11 வரை ஏற்றலாம். 'உம்மகம்மா' மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கட்டும்.