விஷுவல் டைமர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கம்), டிஸ்லெக்சியா (வாசிப்பு இடர்) உள்ள மாணவர்களுக்கான வகுப்பறைக் கருவிகள் பற்றிய ஆசிரியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘விஷுவல் டைமர்’ என்ற இடத்தில் நிற்கிறேன். 60 நிமிட முகப்பு. 20 நிமிடம் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு சிவப்பாகத் தெரியும். நேரம் கழியக் கழியச் சிவப்பு சுருங்கும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வரைவில் ‘காட்சி நேரங்காட்டி’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?
— செ.

---

செ. அவர்களுக்கு,

பொருந்தாது. எந்தக் கடிகாரம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது? ‘காட்சி’ இங்கே எதையும் பிரித்துக் காட்டவில்லை. இக்கருவியின் தனித்தன்மை மீதமுள்ள நேரத்தைப் பரப்பாகக் காட்டுவது. பெயர் அதைச் சொல்லாவிட்டால் ஆசிரியர் திரையில் 07:00, 06:59 என்று ஓடும் எண்களைப் போட்டுவிடுவார். நொடிக்கு நொடி மாறும் எண் கவனத்தை இழுக்கும், பதற்றத்தைக் கூட்டும். எண்ணுணர்வில் இடர் உள்ள பிள்ளைக்கு ஏழுக்கும் மூன்றுக்கும் உள்ள தொலைவே தெரியாது.

‘எஞ்சுநேரங்காட்டி’ என் பரிந்துரை. எஞ்சுநேரம் வினைத்தொகை, எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் நேரம் என முக்காலத்துக்கும் விரியும். ஓயாமல் குறைந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு இதைவிட ஏற்ற தொகை இல்லை.
— ம.

---

அன்பர்களே,

புதுச்சொல் எதற்கு? முல்லைப்பாட்டில் ‘குறுநீர்க் கன்னல்’ இருக்கிறது. உரை அதை நாழிகை வட்டில் என்கிறது. நீரின் அளவைக் கண்டு பொழுதை அறிந்தார்கள். எண்ணும் இல்லை, முள்ளும் இல்லை. இந்தக் கருவியின் தத்துவமும் அதுவே. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக 60 நிமிட முகப்பு இரண்டரை நாழிகை. ‘குறுங்கன்னல்’ என்றால் மூன்றே அசை. கன்னல் கரும்பையும் குறிக்கும் என்பார்கள். இடம் நோக்கிப் பொருள் கொள்வது நமக்குப் புதிதா? ‘கடிகாரம்’ வடசொல் வழி வந்தது, அதைத் தவிர்க்கலாம்.

இன்னொன்று. கையேட்டின் தலைப்பில் ‘நரம்புப்பன்மை மாணவர்’ என்றிருக்கிறதாமே? மூளை இயங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதே நரம்புப்பன்மை. ஒரு பிள்ளை எப்படிப் பன்மையாவான்? பன்மை வகுப்புக்கு உரியது. தனியொருவரை ‘நரம்புவேற்றுமையர்’ என்பதே முறை.
— பு.

---

பு. ஐயா, கன்னல் அழகான சொல். ஆனால் ஆசிரியருக்கு அதை விளக்கவே ஒரு பத்தி வேண்டும். பிள்ளையிடம் சொல்லப்போகும் சொல் முதல் முறை கேட்டதும் புரிய வேண்டும். ‘மிச்சநேர வட்டு’ என்றால் போதாதா? ‘எச்சங்காட்டி’ என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள். பறவை எச்சம்தான் வகுப்பில் நினைவுக்கு வரும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் இவை இருக்கட்டும். முடிவொலியை நிறுத்திவைக்க வேண்டும்: ஒலிக்கூருணர்வு உள்ள பிள்ளை மணியை எதிர்பார்த்தே வேலையை விட்டுவிடும். டிக்டிக் ஓசை கேட்கும் கருவியும் வேண்டாம். தொடக்கத்தில் 5 முதல் 10 நிமிடம் போதும். ஒரு மணி நேரத்தை முதல் நாளே வைத்தால் சிவப்பு தீர்வதைப் பிள்ளை வெகுநேரம் காத்திருந்துதான் பார்க்க முடியும், பயனும் குறையும். கருவிக்குப் பக்கத்தில் அடுத்து என்ன என்று காட்டும் பட அட்டை வேண்டும். நேரம் முடிவதை மட்டும் காட்டி, அடுத்து எங்கே போவது என்று காட்டாவிட்டால் மாறுதல் இன்னும் கடினமாகும். முடிக்காத வேலையை வைக்க ஒரு தட்டு, அதற்குத் திரும்ப வரும் வேளையும் குறித்து. சிவப்பைத் ‘தவறு’ என்று படிக்கும் பிள்ளைக்கு நீல வட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒருமுறை மாற்றினால் அடுத்த முறை பிள்ளை அதை நம்பாது. வேகப் போட்டிக்கோ தண்டனைக்கோ இதை எடுக்கவே வேண்டாம்.
— இ.

---

இ. அம்மா சொன்னவை எல்லாம் சேர்க்கப்படும். ஆனால் ‘வட்டு’ ஏற்க முடியவில்லை. மேலிருந்து கீழே குறையும் பட்டையாகவும் இக்கருவி வருகிறது, திரைச்செயலியாகவும் வருகிறது. வடிவத்தைப் பெயரில் பூட்டக்கூடாது.
— ம.

---

நால்வர் ‘மிச்சநேரங்காட்டி’, இருவர் ‘எஞ்சுநேரங்காட்டி’, ஒருவர் ‘குறுங்கன்னல்’. உரையில் மிச்சநேரங்காட்டி என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘விஷுவல் டைமர் எனப்படும்’ என்ற தொடர் வரும். தலைப்பை ‘நரம்புப்பன்மை வகுப்பறை’ என்று மாற்றிவிட்டேன். தனியாளைக் குறிக்கும் சொல் அடுத்த பதிப்புக்கு.
— செ.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பார்வையற்ற மாணவருக்கு இதே வேலையை மணிக்கட்டில் அதிர்ந்து சொல்லும் கருவி செய்கிறது. அதையும் ‘காட்டி’ என்பீர்களா? கன்னலுக்கு இந்த இடர் இல்லை. சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது அதைச் சேருங்கள்.
— பு.